மணல் சட்டியில் விசுக்கோத்து: வன்னிக் குசினியில் முதன்முதலாகச் சுடுபவர்களுக்கு

எங்கள் வீடு இலங்கையின் வன்னியில், முல்லைத்தீவுக்குப் பக்கத்து முள்ளியவளையில். குசினிக்குள் ஒரு காஸ் அடுப்பு, வெளிப்பத்தியில் ஒரு விறகடுப்பு, அவ்வளவுதான். ஓவன் கிடையாது. ஆனாலும் கிழமைக்கு ஒருதரம் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்கு நானே பிஸ்கட் சுடுகிறேன். ஓவன் வாங்கின பிறகு பார்ப்போம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டு இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பழைய சட்டியும் மூன்று பேணி மணலும் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட்டை அடுப்பிலிருந்து எடுக்கும்போது அது மெத்தென்றுதான் இருக்கும். சூட்டில் சீனி இளகி இருக்கும், மாஜரின் உருகி இருக்கும். ஆறும்போது இரண்டும் இறுகும், அப்போதுதான் முறுகல் வரும். புதிதாகச் சுடுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். விரலால் அமத்திப் பார்த்து, இன்னும் வேகவில்லை என்று நினைத்து, திரும்ப மூடிவிடுவார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அடி கறுத்துப் போயிருக்கும். பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு நான் பழக்கினபோதும் அவள் மூன்று தரம் கேட்டாள், "அக்கா, இது பச்சையாக் கிடக்குது போல, இன்னும் கொஞ்சம் விடட்டோ?" விடக்கூடாது. விளிம்பு மட்டும் மெல்லப் பொன்னிறமாகி, நடுப்பகுதி வெளிறி இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தட்டோடு அப்படியே பத்து நிமிடம் தொடாமல் வைத்தால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

மணல் சட்டி எங்கள் அம்மாவிடம் பழகினது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் மின்சாரமும் இல்லை, காஸும் இல்லை. மல்லாவியில் இடம்பெயர்ந்து இருந்தபோது, தங்கச்சியின் பிறந்தநாளுக்கு அம்மா கேக் சுட்டது இப்படித்தான்: கீழே தணல், நடுவில் சட்டி, மேலே தகரத்தில் சிரட்டைக் கரி. 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாடு முழுக்க வரிசையில் நின்றபோது அதே சட்டியைத் திரும்ப எடுத்தேன். அதற்குப் பிறகு அதை மேலே ஏற்றி வைக்கவே இல்லை.

அம்மம்மா இதை விசுக்கோத்து என்றுதான் சொல்லுவா. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது. குசினி, போறணை, பாண் எல்லாமே அவர்களிடமிருந்து வந்த சொற்கள்தான். விசுக்கோத்து என்ற சொல்லுக்கு வேரில் உள்ள பொருள் இரண்டு தரம் சுட்டது என்பது. மாரி காலத்தில் இந்த விஷயம் உதவப் போகிறது, கடைசியில் சொல்கிறேன்.

சட்டியைத் தயார்படுத்துவது

வாய் அகன்ற, அடி தடித்த அலுமினியச் சட்டி ஒன்று எடுங்கள். கறி காய்ச்சுகிற நல்ல சட்டி வேண்டாம். இதற்கென்று ஒன்றை ஒதுக்கி விடுங்கள், ஏனென்றால் வெறுஞ்சூட்டில் அடி நிறம் மாறிவிடும். ஒட்டாத பூச்சுப் பூசின சட்டிகளை இதற்குப் பாவிக்கவே கூடாது. உள்ளே ஈரம் எதுவும் இல்லாமல் சூடேறினால் அந்தப் பூச்சிலிருந்து கெட்ட புகை வரும்.

மணலை நன்றாகக் கழுவி, வெயிலில் ஒரு நாள் காயவிட்டு, அரித்து எடுங்கள். ஆற்று மணல் நல்லது. கடற்கரை மணலில் உப்பு இருக்கும், அது அலுமினியத்தை அரித்துவிடும். இரண்டு விரல் உயரத்துக்கு மணலைப் பரப்பி, அதன்மேல் இரண்டு பக்கமும் வெட்டின மீன் பேணி வளையம் ஒன்றை வையுங்கள். பிஸ்கட் தட்டு அந்த வளையத்தின்மேல்தான் இருக்க வேண்டும், மணலில் முட்டக்கூடாது. நான் முதல்தரம் தனியாகச் சுட்டபோது வளையம் வைக்க மறந்து, தட்டை மணலிலேயே வைத்துவிட்டேன். மேல்பக்கம் வெள்ளையாக இருக்க, அடி முழுக்கக் கரியாகிவிட்டது. 200 கிராம் மாஜரின் வீணாய்ப் போன அந்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை. தட்டுக்கும் மணலுக்கும் நடுவில் உள்ள அந்தக் காற்று இடைவெளிதான் சூட்டைச் சமப்படுத்துகிறது.

மூடிக்கு, விளிம்பு உயர்ந்த தகரத் தட்டு ஒன்று எடுத்தால் அதன்மேல் தணல் போடலாம். பாலை, வீரை மாதிரி வைர விறகின் தணல் கனநேரம் நிற்கும், அது கீழே இருக்கட்டும். மேலே போடுவதற்குச் சிரட்டைக் கரி. கீழே எரிகிற கொள்ளியை இழுத்து வெளியே போட்டுவிட்டுத் தணலை மட்டும் பரப்பி விடுங்கள். மேலே போடுகிற தணல், கீழே இருப்பதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கலாம். இப்படி மூடி வைத்து 15 நிமிடம் சட்டியைச் சூடேற்ற வேண்டும். சூடேறாத சட்டியில் வைத்தால் மாஜரின் உருகி ஓடி, பிஸ்கட் அடை மாதிரிப் பரந்துவிடும்.

சூடு போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சின்னத் தகரத் துண்டில் ஒரு சிட்டிகை கோதுமை மாவைத் தூவி உள்ளே வையுங்கள். ஐந்து நிமிடம் அளவில் அது இளம் பொன்னிறமானால் சரி. ஒரு நிமிடத்திலேயே கருகினால் மேலே உள்ள தணலில் பாதியை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் ஆகியும் வெள்ளையாகவே இருந்தால் கீழே இன்னும் தணல் வேண்டும். சோளகம் வீசுகிற மாதங்களில் பத்தியின் காற்றுப் பக்கத்தை ஒரு தகரத்தால் மறையுங்கள், இல்லாவிட்டால் தணல் ஊதிப் பற்றி ஒரு பக்கம் மட்டும் கருகும். காற்றுக்குப் பயந்து கதவு யன்னலைச் சாத்தின அறைக்குள் தணலைக் கொண்டுபோக மட்டும் வேண்டாம். கரித் தணலின் நச்சு வாயுவுக்கு மணமில்லை, ஆளை மயக்கிக் கொன்றுவிடும்.

காஸ் அடுப்பிலும் இதே சட்டியை வைக்கலாம். நெருப்பை ஆகக் குறைத்து வைத்து, மூடியை ஒரு நூல் அளவு விலத்தி விடுங்கள். இல்லாவிட்டால் ஆவி மூடியில் பட்டுத் துளியாகப் பிஸ்கட்டின்மேல் சொட்டும். மேலே தணல் இல்லாததால் மேல்பக்கம் சிவக்காது, அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஒன்றைக் கத்தியால் கிளப்பி அடியைப் பாருங்கள், அடி பொன்னிறமென்றால் வெந்துவிட்டது. ஓவன் உள்ளவர்களுக்கு 170 பாகை, 15 நிமிடம் அளவு.

மூன்று சாமான் பிஸ்கட்

எல்லோரும் இதில்தான் தொடங்க வேண்டும் என்பேன். சீனி ஒரு பங்கு, மாஜரின் இரண்டு பங்கு, கோதுமை மா மூன்று பங்கு, எல்லாம் நிறையில். முதல்தரத்துக்கு 50 கிராம் சீனி, 100 கிராம் மாஜரின், 150 கிராம் மா எடுங்கள். தராசு இல்லாவிட்டால் ஒரே தேத்தண்ணிக் கோப்பையால் அளக்கலாம்: பொடித்த சீனி அரைக் கோப்பைக்குக் கொஞ்சம் குறைய, மாஜரின் அதே அளவு, மா தட்டி அமத்தாமல் ஒன்றேகால் கோப்பை. ஏறத்தாழ 20 பிஸ்கட் வரும். மாஜரினில் உப்பு இருப்பதால் வேறு உப்பு வேண்டாம். பட்டரில் செய்தால் சுவை பல மடங்கு கூட, செலவும் அப்படித்தான். நான் தைப்பொங்கலுக்கும் நத்தாருக்கும் மட்டும் பட்டர் போடுவேன்.

சீனியை முதலில் கிறைண்டரில் பொடித்துவிடுங்கள். பரல் சீனி அப்படியே போனால் பிஸ்கட் நறுநறுவென்று வரும், கூடப் பரந்தும் போகும். மாஜரினையும் சீனிப் பொடியையும் மரக்கரண்டியால் அடியுங்கள். மஞ்சள் நிறம் வெளிறி, கரண்டி இலேசாக ஓடும் வரைக்கும், ஐந்து நிமிடம் பிடிக்கும். இதில் அவசரப்படாதீர்கள். அப்போது உள்ளே போகிற காற்றுத்தான் பிஸ்கட்டைப் பொரபொரவென்று ஆக்குகிறது.

பிறகு மாவை அரித்துப் போட்டு, விரல் நுனியால் சேர்த்துவிடுங்கள். ரொட்டிக்குப் பிசைகிற மாதிரிப் பிசையவே கூடாது. கோதுமை மாவைப் பிசையப் பிசைய இழுவை கூடும். ரொட்டிக்கு அந்த இழுவை வேண்டும், பிஸ்கட்டுக்கு அது எதிரி. உலர் மா கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்க நான் பிட்டைத்தான் சொல்லுவேன். பிட்டுக்குக் கோதுமை மாவை ஏன் அவித்து எடுக்கிறோம்? அவித்தால் அந்த இழுவை செத்துப்போகும், மா பசையாகாமல் உதிரும். ஆகவே கை பழகாதவர்கள் 150 கிராமில் மூன்றில் ஒரு பங்குக்கு அவித்து அரித்த மா போடலாம், கொஞ்சம் கூடப் பிசைந்தாலும் பிஸ்கட் கடினமாகாது. அதற்குப் பதிலாக இரண்டு மேசைக்கரண்டி வறுத்த அரிசி மா போட்டாலும் நல்ல முறுகல் வரும். எனக்கு அரிசி மா போட்டதுதான் பிடிக்கும்.

மதிய வெயிலில் குழைக்க வேண்டாம். சித்திரை, வைகாசியில் எங்கள் குசினியில் மாஜரின் கோப்பையிலேயே எண்ணெயாகிவிடும். விடியப்புறம் அல்லது பொழுதுபட்ட பிறகு செய்யுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால், குழைத்த மாவை மூடி, மண்பானைத் தண்ணீர் ஊற்றின தட்டத்தின்மேல் அரை மணித்தியாலம் வையுங்கள். உருட்டும்போது கையில் ஒட்டாத அளவுக்கு இறுகினால் போதும்.

தேசிக்காயில் பாதி அளவு உருண்டைகளாக உருட்டி, மாஜரின் பூசி மா தூவின தட்டில் இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்து, முட்கரண்டியால் ஒரு அமத்து அமத்துங்கள். முட்கரண்டியின் வரி அழகுக்கு மட்டுமல்ல. எல்லாம் ஒரே தடிப்பில் இருந்தால்தான் ஒன்றாக வேகும். சட்டியில் ஒரு தட்டுக்கு ஏழெட்டுக்கு மேல் கொள்ளாது. 12 நிமிடத்தில் ஒருதரம் திறந்து பாருங்கள், 15 நிமிடத்தில் பெரும்பாலும் எடுக்கலாம். அடிக்கடி திறந்தால் சூடு போய்விடும், மணத்தை நம்புங்கள். வறுத்த மாவின் மணம் பத்தி முழுக்க வந்தால் திறக்கிற நேரம் வந்துவிட்டது. இரண்டாவது தட்டு வைக்கும் முன் மேல்தணலைப் புதுப்பியுங்கள்.

வனிலா எசன்ஸ் எல்லோரும் போடுகிறார்கள். நான் போடுவதில்லை. இரண்டு ஏலக்காயைச் சீனியோடு சேர்த்துப் பொடித்தால் அதைவிட நல்ல மணம்.

கச்சான் பிஸ்கட்

வன்னியில் இருந்துகொண்டு கச்சான் பிஸ்கட் சுடாமல் விட முடியாது. கச்சான், அதாவது நிலக்கடலை, எங்கள் மணல் நிலத்தில் நன்றாக வரும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனால் கச்சான் இல்லாமல் ஒருவரும் வீடு திரும்ப மாட்டார்கள். அப்படி வாங்கின வறுத்த கச்சானில் மிச்சம் இருந்தாலே போதும். இந்தப் பிஸ்கட்டுக்கு மாவும் வேண்டாம், மாஜரினும் வேண்டாம். கச்சானிலேயே எண்ணெய் இருக்கிறது.

கோது உடைத்துத் தோல் நீக்கின வறுத்த கச்சான் 200 கிராம், சீனி 100 கிராம், முட்டை ஒன்று, கச்சானில் உப்பு இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை உப்பு. தோல் நீக்க, கச்சானைச் சுளகில் போட்டுக் கையால் தேய்த்துப் புடைத்தால் ஐந்து நிமிட வேலை. கிறைண்டரில் விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். ரவையைவிடக் கொஞ்சம் பெரிய குறுணல்தான் வேண்டும். உரலில் இடித்தால் இன்னும் நல்லது, குறுணல் சமமில்லாமல் இருக்கும், கடிக்கும்போது அதுதான் சுவை.

சீனிப் பொடி, உப்பு, கச்சான் மூன்றையும் கலந்து, அடித்த முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஊர்க்கோழி முட்டை சின்னது, முழுதும் போகும். கடை முட்டை பெரிதென்றால் ஒரு மேசைக்கரண்டி மிச்சம் வையுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், அதுதான் பதம். தப்பித் தவறி இளகினால் ஒரு மேசைக்கரண்டி அரிசி மா. இதைச் சுடும்போது மேல்தணல் குறைவாக இருக்கட்டும், சீனியும் கச்சானும் சீக்கிரம் சிவக்கும். 12 நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். ஆறாமல் தட்டிலிருந்து கிளப்பினால் உடைந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. பூஞ்சணம் பிடித்த, சுருங்கின, கசக்கிற கச்சானை ஒன்றுகூட விடாமல் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. அடுத்தது, கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பங்கிட்டுச் சாப்பிடக் கொடுத்துவிடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

குரக்கன், பனங்கட்டி

இது அம்மம்மாக்களுக்கும் தேத்தண்ணிக்கும் ஏற்றது. குரக்கன் (கேழ்வரகு) மா 100 கிராம், கோதுமை மா 50 கிராம், மாஜரின் அல்லது நெய் 80 கிராம், துருவின பனங்கட்டி 70 கிராம், ஏலக்காய் இரண்டு, பால் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி. நெய்யில் செய்தால் ஒரு சிட்டிகை உப்பும். குரக்கன் மாவை முதலில் தாச்சியில் மெல்லிய நெருப்பில் பச்சை மணம் போகும் வரை வறுத்து, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு போட்டால் மாஜரின் உருகிவிடும். பனங்கட்டியில் தும்பும் தூசும் இருந்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் உருக்கி வடித்துப் போடலாம், அப்போது பால் தேவைப்படாது.

குரக்கனில் கோதுமையின் இழுவை இல்லை, ஆகவே உதிரும். கோதுமை மா கொஞ்சம் சேர்ப்பது பிடித்து வைக்கத்தான். உருட்டும்போது விளிம்பு வெடித்தால் ஒரு தேக்கரண்டி பால் தெளித்துச் சேருங்கள்.

இதில் உள்ள சிக்கல் நிறம். மா ஏற்கெனவே கபில நிறம், பனங்கட்டி அதைவிடக் கறுப்பு. சிவந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துப் பிடிக்கவே முடியாது. இங்கே மேற்பரப்பைப் பாருங்கள். வைக்கும்போது மினுங்கிக்கொண்டு இருக்கும், வேக வேக அந்த மினுக்கம் போய், மேலே மயிர் போல நுண்ணிய வெடிப்புகள் வரும். மினுக்கம் நடுவில் ஒரு சதக் காசு அளவுக்கு மிஞ்சும்போது எடுத்துவிடுங்கள். இதை ஒருதரம் கிட்ட இருந்து பார்த்துவிட்டால் பிறகு நேரம் பார்க்கத் தேவையில்லை.

தேங்காய்ப்பூப் பிஸ்கட் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று சாமான் பிஸ்கட்டில் 50 கிராம் மாவைக் குறைத்து, அதே அளவு துருவின தேங்காய்ப்பூவை ஈரம் வற்றும் வரை தாச்சியில் வறுத்துச் சேருங்கள். வறுக்காமல் போட்டால் மூன்றாம் நாள் ஊசிப்போகும்.

கடை மேரி பிஸ்கட் மாதிரி வரவில்லையே என்று சிலர் கேட்பார்கள். வராது. அது கொழுப்புக் குறைவான மாவை இயந்திரத்தில் நன்றாகப் பிசைந்து, மெல்லிசாகத் தட்டி, ஆவி போகத் துளை குத்திச் சுடுகிறது. நாங்கள் செய்வது வேறு சாதி, வாயில் வைத்தால் உதிர்ந்து கரைய வேண்டியது.

எடுத்து வைப்பது

முழுதாக ஆறின பிறகுதான் பேணியில் போட வேண்டும். இளஞ்சூட்டில் மூடினால் அதன் ஆவியே அதை நமக்கச் செய்துவிடும். பால்மாப் பேணியைக் கழுவி வெயிலில் காயவிட்டு, அடியில் ஒரு கைப்பிடி வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, அதன்மேல் கடதாசி விரித்து அடுக்குங்கள். அரிசி ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும். எறும்புக்குப் பேணியைத் தண்ணீர்த் தட்டத்தின் நடுவில் வைத்தால் போதும். மூன்று சாமான் பிஸ்கட் இப்படி இரண்டு கிழமை நிற்கும். முட்டை போட்ட கச்சான் பிஸ்கட்டை ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள், எங்கள் வீட்டில் இரண்டு நாள் தாண்டாது.

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் எவ்வளவு இறுக்கி மூடினாலும் பிஸ்கட் நமத்துத்தான் போகும். எறியாதீர்கள். சட்டியைச் சூடேற்றி, மேல்தணல் இல்லாமல், நமத்த பிஸ்கட்டைத் தட்டில் பரப்பி ஐந்தாறு நிமிடம் வைத்து எடுத்து ஆறவிடுங்கள். பழைய முறுகல் அப்படியே திரும்பி வரும். இரண்டு தரம் சுட்டது என்று சொன்னேனே, அது இதுதான். அடைமழையில் விறகு நனையாமல் இருக்க இரண்டு கட்டுப் பாலை விறகையும் ஒரு சாக்குச் சிரட்டையையும் புரட்டாதியிலேயே பத்திக்குள் ஏற்றி வைத்துவிடுங்கள்.